வீட்டை அடமானம் வைத்துத்தான் விமானப் படிப்பா?

கேள்வி: நாங்கள் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம். கணவர் எச்.ஏ.எல்.லில் டெக்னீஷியன், ஓய்வு பெற இன்னும் 5 வருடம் இருக்கிறது. ஒரே மகள். பள்ளிப் படிப்பு முழுக்க இங்கேதான். இந்த வருடம் இரண்டாம் பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்தாள். கணிதம் 96, இயற்பியல் 91, வேதியியல் 93. சின்ன வயதிலிருந்தே ராக்கெட், விமானம் என்றுதான் பேச்சு. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் முதல் சுற்றில் ஒரு நல்ல தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. கட்டணம் வருடம் 1 லட்சத்து 10 ஆயிரம். இதற்கிடையில் ஒரு ஏஜெண்ட் மூலமாக அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் படிக்க இடம் வந்திருக்கிறது. கட்டணம் 32,000 டாலர், அதில் 10,000 டாலர் ஸ்காலர்ஷிப், ஆக வருடம் 20 லட்சம்தான் என்கிறார். வீட்டை வைத்து 80 லட்சம் கடன், பி.எஃப். பணம் 30 லட்சம் என்று கணவர் கணக்குப் போட்டுவிட்டார். "நான் ஸ்பேனர் பிடிச்சே காலத்தை ஓட்டிட்டேன், பொண்ணாவது நாசாவுக்குப் போகட்டும்" என்கிறார். என் அண்ணனோ கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, இல்லாவிட்டால் தமிழ்நாட்டு கவுன்சலிங்கில் போட்டுப் பார் என்கிறார். மகளைக் கேட்டால் "நீங்க சொல்றதுதான்" என்று ஒதுங்கிவிடுகிறாள். பணத்துக்குப் பயந்து பிள்ளையின் ஆசையைக் கெடுத்துவிடுவோமோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். மெக்கானிக்கல் சீட்டை எடுங்கள். அமெரிக்கா இப்போது வேண்டாம். பணத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லவில்லை. 1 கோடி ரூபாய் உங்கள் கையில் ரொக்கமாக இருந்திருந்தாலும், ராக்கெட்டும் விமானமும்தான் வேண்டும் என்கிற இந்தப் பெண்ணுக்கு இதையேதான் சொல்லியிருப்பேன். இந்த ஊரில் மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, பிறகு மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்தவன் நான். ஏரோஸ்பேஸ் என்று கேட்டு வருகிற வீடுகளில் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் ராக்கெட், ஏவுகணை, போர் விமானம், செயற்கைக்கோள் சம்பந்தப்பட்ட தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி 'ஐடார்' என்கிற ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள்ளும், அதையொட்டிய மற்ற ஏற்றுமதி விதிகளுக்குள்ளும் வருகிறது. அந்த வரைபடத்தை ஒரு வெளிநாட்டவர் கண்ணில் காட்டினாலே சட்டப்படி அது ஏற்றுமதிதான், அதற்கு அரசாங்க உரிமம் வேண்டும். அதனால் அங்குள்ள ராக்கெட் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும் என்று நேரடியாகவே போட்டுவிடுகிறார்கள். மாணவர் விசாவில் போகிற இந்தியப் பெண்ணிடம் இரண்டும் இருக்காது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்கிற உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பல வருடக் காத்திருப்பு. படிக்கும்போதே சில ஆராய்ச்சிக் கூடங்களின் கதவு வெளிநாட்டு மாணவர்களுக்குத் திறக்காது. படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதமும், பொறியியல் என்பதால் மேலே 24 மாதமும் வேலை பார்க்கலாம், உண்மைதான். ஆனால் எந்த வேலை? உங்கள் மகள் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற வேலையாக அது இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. ஏரோஸ்பேஸ் படித்துவிட்டு அங்கே சாஃப்ட்வேரிலோ கார் கம்பெனியிலோ சேர்ந்து நன்றாக இருப்பவர்கள் உண்டு. அதற்கு ஏரோஸ்பேஸ் எதற்கு, வீட்டை அடமானம் வைப்பது எதற்கு?

அதற்குப் பிறகு எச்-1பி எனும் வேலை விசா. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000, அதுவும் குலுக்கல் முறையில். மகள் எடுக்கப்போவது இளங்கலை என்பதால் அந்த 20,000-இல் அவளுக்குப் பங்கில்லை. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு வந்து எத்தனை வீடுகளைக் கலங்கடித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு வருடம் கழித்து விதி எப்படி இருக்கும் என்று அந்த ஏஜெண்டால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதை நம்பி வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைக்கக் கூடாது.

உங்கள் கணவரின் நாசா ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானம் செய்கிற இடத்திலேயே இத்தனை வருடம் உழைத்த மனிதர், மகள் அதற்கும் மேலே போக வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? அவரிடம் கல்பனா சாவ்லா போன பாதையைச் சொல்லுங்கள். அவர் இளங்கலை படித்தது சண்டிகரில், பஞ்சாப் பொறியியல் கல்லூரியில். 1982-இல் ஏரோநாட்டிகல் பட்டம் வாங்கிய பிறகுதான் அமெரிக்கா போனார். 1984-இல் டெக்சாஸில் முதுகலை, 1988-இல் கொலராடோவில் முனைவர் பட்டம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகே, 1994-இல், விண்வெளி வீராங்கனையாகத் தேர்வானார். நாசாவுக்கே போவதானாலும் உள்ளூர்க் கல்லூரி தடையாக இருந்ததில்லை.

இப்போது உங்கள் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணவர் தினமும் போய்வருகிற பழைய ஏர்போர்ட் ரோட்டில்தான் இஸ்ரோவின் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம். அதே ரோட்டில் கோடிஹள்ளிப் பக்கம் வந்தால் என்.ஏ.எல்., அதாவது 1959-இல் தொடங்கிய தேசிய வான்வெளி ஆய்வகம். தேஜஸ் விமானத்தை வடிவமைத்த ஏ.டி.ஏ., ஜெட் எஞ்சின் ஆராய்ச்சிக்கான ஜி.டி.ஆர்.இ. இரண்டும் இதே ஊர். இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்.ஸி.யில் விமானப் பொறியியல் துறை 1942-லிருந்து நடக்கிறது. ஜி.இ., ஏர்பஸ், ரோல்ஸ்ராய்ஸ் எல்லாம் இங்கே பொறியாளர்களை வைத்திருக்கிறார்கள். போயிங் 2024 ஜனவரியில் தேவனஹள்ளிப் பக்கம் 43 ஏக்கரில் வளாகம் திறந்தது. 2020-இல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகு பிக்சல், பெல்லாட்ரிக்ஸ் போன்ற இளம் நிறுவனங்கள் இந்த ஊரிலேயே செயற்கைக்கோளும் உந்துவிசை எஞ்சினும் செய்கின்றன. ஒரு ஏரோஸ்பேஸ் பொறியாளருக்கு இந்தியக் குடியுரிமையே பலமாக இருக்கிற ஊர் இது. அதை விட்டுவிட்டு, அதே குடியுரிமை தடையாக நிற்கிற இடத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிநாட்டில் இளங்கலை படிக்காவிட்டால் பெரிய இடத்துக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் இவர்களைக் காட்டுங்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர், பணியாற்றியது அந்தப் பழைய ஏர்போர்ட் ரோட்டு மையத்தில். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துப் பிள்ளை, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி.நாராயணனும் மெக்கானிக்கல் டிப்ளமோதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு படிப்படியாக மேலே படித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் முடித்தார்.

ஏரோஸ்பேஸ் கிடைக்காமல் மெக்கானிக்கல் கிடைத்தது ஒரு குறையே இல்லை. இஸ்ரோ 'சயின்டிஸ்ட்/எஞ்சினியர் எஸ்.சி.' என்கிற தொடக்கநிலைப் பணிக்கு ஆள் எடுக்கும்போது அதிக இடங்கள் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுகளுக்குத்தான். எழுத்துத் தேர்வு உண்டு, பட்டப்படிப்பில் 65 சதவீதம் கேட்பார்கள். வெப்பவியல், திரவ இயக்கவியல், பொருள்களின் வலிமை, அதிர்வுகள் ஆகிய நான்கும்தான் விமானத்துக்கும் அடித்தளம். மெக்கானிக்கலில் அந்த நான்கும் முழுதாக வருகின்றன. 18 வயதில் அகலமாகப் படித்துவிட்டு 22 வயதில் ஏரோஸ்பேஸில் குறுக்கிக்கொள்வதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். அண்ணன் சொல்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி ஒரே வார்த்தை: அவளுக்குப் பிடித்திருந்தால் எடுக்கட்டும், மாமாவுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக வேண்டாம். நிரல் எழுதத் தெரியாத மெக்கானிக்கல் பொறியாளருக்கு இன்று மதிப்புக் குறைவு என்பது உண்மை. பைத்தானும் மேட்லேபும் முதல் வருடத்திலேயே தொடங்கினால் போதும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஏஜெண்ட் சொன்ன 20 லட்சம் வெறும் கல்லூரிக் கட்டணம். 22,000 டாலரை 90 ரூபாயால் பெருக்கினால் அதுதான் வரும். சாப்பாடு, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக வருடம் 14,000 டாலர் வையுங்கள். மொத்தம் 36,000 டாலர், அதாவது 32 லட்சத்து 40 ஆயிரம். நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம். விமான டிக்கெட் இதில் இல்லை, வருடா வருடம் ஏறுகிற கட்டணம் இல்லை, டாலர் ஏற்றமும் இல்லை. உங்கள் கணவர் திரட்டுவது 1 கோடியே 10 லட்சம். தொடங்கும்போதே 20 லட்சம் துண்டு விழுகிறது. பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று ஏஜெண்ட் சொல்லுவார். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள்ளேயே வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. கைச்செலவுக்கு ஆகும், இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது.

கடனைப் பாருங்கள். வருடம் 20 லட்சமாக நான்கு தவணை வாங்கி, வட்டி 11 சதவீதம் என்றால், படிப்பு முடிவதற்குள் சாதாரண வட்டியே 22 லட்சம் சேர்ந்துவிடும். 1 கோடியே 2 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை கிட்டத்தட்ட 1 லட்சத்து 40 ஆயிரம். வங்கிகள் பொதுவாகப் படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தவணையைத் தொடங்குவார்கள். மகள் முடிக்க நான்கு வருடம், அப்புறம் அந்த அவகாசம். கணவர் ஓய்வு பெறுகிற அதே நேரத்தில் முதல் தவணை வந்து நிற்கும், பி.எஃப். பணமும் அப்போது இருக்காது. வேலை கிடைக்காமல் அவள் திரும்பி வர நேர்ந்தால் இந்தத் தவணையை யார் கட்டுவது? இங்கே புதிதாகச் சேரும் மெக்கானிக்கல் பொறியாளர் சம்பளத்தில் முடியாது. 22 வயதுப் பெண்ணின் தலையில் பெற்றோரின் வீட்டை வைத்துவிட்டால் அவள் பிடித்த வேலையைத் தேட மாட்டாள், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வாள். நான் மிகவும் கவலைப்படுவது இதைத்தான்.

இன்னொன்று. உங்கள் வீடு ஏ கட்டாவா, பி கட்டாவா? கட்டா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; முறையான அனுமதி உள்ளவை ஏ, இல்லாதவை பி. ராமமூர்த்தி நகர்ப் பக்கம் பி கட்டா வீடுகள் நிறைய. பி கட்டா என்றால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் அடமானத்துக்கு ஏற்பதில்லை. தனியார் நிதி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும், அங்கே வட்டி நான் போட்டதைவிடக் கூடும்.

ஏஜெண்டைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் உங்களிடம் பணம் வாங்காமல் அவர் இத்தனை உதவி செய்வது எப்படி என்று யோசியுங்கள். சேர்த்துவிடுகிற ஒவ்வொரு மாணவருக்கும் பல பல்கலைக்கழகங்கள் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் பட்டியலில் இருக்காது. அந்த 10,000 டாலரும் பல இடங்களில் வெளிநாட்டு மாணவர்கள் எல்லோருக்குமே தருகிற கட்டணக் கழிவுதான். தகுதிக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து மயங்க வேண்டாம். எத்தனை பேருக்குத் தருகிறீர்கள் என்று பல்கலைக்கழகத்துக்கே மகளை ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு கவுன்சலிங்கில் அண்ணன் சொன்னதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களாக இருந்து பிள்ளை வெளிமாநிலத்தில் படித்திருந்தால், இருப்பிடச் சான்றிதழ் வைத்து விண்ணப்பிக்கலாம். திருப்பத்தூரில் உங்கள் குடும்ப ஆவணங்கள் இருந்தால் இணையத்திலேயே கேட்கலாம். இட ஒதுக்கீடு வேண்டுமானால் சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதிப் பாதி, ஆக உங்கள் மகளுக்கு 200-க்கு 188. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் கிடைத்தால் மட்டும், இங்கிருக்கும் மெக்கானிக்கலை விட்டுவிட்டுப் போகலாம். 1949-இல் தொடங்கிய கல்லூரி அது, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். 188 அதற்குச் சற்று இறுக்கம்தான். விண்ணப்பத் தேதி முடியாமல் இருந்தால் போட்டு வையுங்கள். வேறேதோ ஒரு கல்லூரியில் ஏரோநாட்டிகல் என்ற பெயருக்காக மட்டும் போகவே வேண்டாம்.

வெளிநாடே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் 18 வயதிலேயே அனுப்பலாம். சிங்கப்பூரில் என்.யு.எஸ்., என்.டி.யு. பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் அரசின் கட்டண மானியம் உண்டு, படித்து முடித்து மூன்று வருடம் அங்கே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படி ஒரு இடம் வந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். மற்றபடி வெளிநாட்டுக்குச் சரியான நேரம் முதுகலை. படிப்பு இரண்டே வருடம், செலவு பாதிக்கும் கீழே, போகிற பெண்ணுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-லிருந்து கட்டணம் வாங்க ஆரம்பித்திருக்கிறது, அதனால் ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். விசாவுக்கு வருடம் 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டும், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். கட்டணம் இல்லாத இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய 25 லட்சம். நல்ல ஏரோஸ்பேஸ் படிப்புகள் சில ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது, இரண்டாம் வருடத்திலேயே அங்கே சேரட்டும். ஏர்பஸ் தலைமையகம் இருக்கிற துலூஸ் நகரில் ஐசே-சுபேரோ என்கிற விமானப் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத்திலேயே முதுகலை உண்டு. முதுகலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.எஸ்.ஸி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் அவர்களே தருவார்கள்.

இப்போது கிடைத்த கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவுக்கு என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு மொத்தமாக அல்ல, அந்தப் பிரிவுக்கு. 2014-இல் பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கிற வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்த பிறகு, என்.பி.ஏ.வின் முதல் அடுக்கு அங்கீகாரம் உள்ள பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக ஏற்கின்றன. அப்புறம், கல்லூரிக்கு நேரில் போய் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். விமானம் வடிவமைக்கிற அணி இருக்கிறதா, பட்டறை மாலையில் திறந்திருக்கிறதா என்று மூன்றாம் வருடப் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள் மறைக்க மாட்டார்கள். பெங்களூர், ஹைதராபாத் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த 'ஸ்டட்சாட்' செயற்கைக்கோள் 2010-இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறியது. பி.இ.எஸ். மாணவர்களின் 'பைசாட்' 2016-இல் போனது. கல்லூரியில் படிக்கும்போதே விண்வெளிக்கு ஒரு பொருளை அனுப்பிய பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

மகள் "நீங்க சொல்றதுதான்" என்று ஒதுங்குவதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த வரி. வீடும் அப்பாவின் பி.எஃப்.பும் பேச்சில் இருக்கும்போது எந்தப் பொறுப்பான பிள்ளையும் வாய் திறக்காது. பணப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, "நாலு வருஷம் கழிச்சு என்ன செஞ்சுக்கிட்டு இருக்கணும்னு உனக்கு ஆசை?" என்று மட்டும் கேளுங்கள். அப்பா கேட்பதைவிட நீங்கள் கேட்பது நல்லது. வீட்டை அடகு வைக்கும் யோசனையை விட்டாயிற்று என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். பணத்துக்குப் பயந்து ஆசையைக் கெடுக்கிறோமோ என்று நீங்கள் வருந்த வேண்டாம், அவள் ஆசைக்கு நேரான வழியைத்தான் நீங்கள் எடுக்கிறீர்கள். கணவரின் 30 லட்சத்தையும் தொடாதீர்கள். முதுகலைக்கு அதில் பாதி இருந்தாலே கடன் சிறியதாகிவிடும்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது. சி.இ.டி. நடத்துகிற கே.இ.ஏ.வின் (கர்நாடகத் தேர்வு ஆணையத்தின்) இணையதளத்தில் சாய்ஸ் 1 முதல் 4 வரை கேட்பார்கள். சாய்ஸ் 1 என்றால் இந்த சீட்டே போதும், சேர்ந்துவிடுகிறேன் என்று அர்த்தம். சாய்ஸ் 2 என்றால் இதை வைத்துக்கொண்டு, பட்டியலில் இதற்கு மேலே எழுதியவற்றுக்கு அடுத்த சுற்றிலும் காத்திருப்பது. மேலே உள்ளது ஏதாவது கிடைத்தால் கையில் இருக்கிற சீட் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மாமா சொன்னார் என்று அவள் பட்டியலில் மெக்கானிக்கலுக்கு மேலே கம்ப்யூட்டர் சயின்ஸ் எழுதியிருக்கிறாளா என்று உடனே திறந்து பாருங்கள். இதைவிட நல்ல கல்லூரியின் மெக்கானிக்கலோ ஏரோஸ்பேஸோ மட்டும் மேலே இருந்தால் சாய்ஸ் 2 கொடுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் சாய்ஸ் 1 கொடுத்து, கடைசித் தேதிக்குள் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ரசீதை வைத்துக்கொண்டு, வரவில்லை என்பதை எழுத்தில் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் அதே கடிதத்தின் நகலை மகளின் மின்னஞ்சலிலிருந்து நேரடியாக அனுப்புங்கள்.